தலைப்பு அட்டை இல்லாத மௌனப்படச் சுருள்: இது பேபி பெக்கியா?

லண்டனில் ஒரு பழைய பொருள் சந்தையில் போன மாதம் வாங்கிய 16 மி.மீ. சுருள் இது. 200 அடி, ஒலித்தடம் இல்லை. நொடிக்கு 16 சட்டகம் என்று ஓட்டினால் சுமார் 8 நிமிடம். தொடக்கமும் முடிவும் அறுந்துபோயிருப்பதால் படத்தின் பெயரே தெரியவில்லை.

நெற்றியில் முடி வெட்டிய, நாலு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை. 1920களின் மௌனப்பட நாயகன் ருடால்ப் வாலண்டினோ மாதிரி அங்கியும் தலைப்பாகையும் மாட்டிய பொடியன் பூ நீட்டுகிறான். இவள் பெரிய நடிகைபோல நெற்றியில் கைவைத்துச் சாய்கிறாள். அந்தச் சாய்வுக்காகவே இருபது தடவை பார்த்துவிட்டேன்.

தயாரிப்பாளர் ஹால் ரோச்சின் 'அவர் கேங்' என்ற சிறுவர் நகைச்சுவை வரிசையின் மௌனப் படங்களின் கதைச்சுருக்கங்களோடு ஒப்பிட்டேன், பொருந்தவில்லை. ஃபிலிம் தயாரான ஆண்டைக் காட்டும் கோடாக் விளிம்புக் குறியைப் பார்த்தேன். அது 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் ஆண்டு பிடிபடவில்லை. அப்புறம்தான் 1918இல் பிறந்த மௌனப்படக் குழந்தை நட்சத்திரம் பேபி பெக்கி மேல் சந்தேகம் வந்தது. வாலண்டினோவைக் கிண்டல் செய்து நடித்தவர்தான். ஆனால் செஞ்சுரி என்ற பட நிறுவனத்துக்காக அவர் நடித்த குறும்படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன, ஒப்பிட்டுப் பார்க்கப் படங்களே கிடைக்கவில்லை.

தலைப்பு அட்டை இல்லாமல், அரங்க அமைப்பையோ துணை நடிகர்களையோ வைத்து ஒரு செஞ்சுரி குறும்படத்தை உறுதியாக அடையாளம் காண்பது எப்படி?