நியூயார்க் சைக்கிள் புள்ளி: கெட்டிக்காரத்தனமா, திருட்டா?

பந்திங் பையன்:
நேற்றுப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஓடிய சண்டையை இங்கேயும் போடுகிறேன். நியூயார்க்கில் சிட்டி பைக் என்று வாடகை சைக்கிள். நிரம்பிய நிலையத்திலிருந்து எடுத்துக் காலி நிலையத்தில் விட்டால் புள்ளி, புள்ளிக்குக் காசு. சிலர் பக்கத்துப் பக்கத்து இரண்டு நிலையங்களைப் பிடித்துக்கொண்டார்கள். இதைக் காலி செய்து அதை நிரப்புவது. அப்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணினி புள்ளியை மாற்றியது. மாறியதும் அதே சைக்கிள்களைத் திருப்பிக் கொண்டுவருவது. சைக்கிள் ஒன்றுக்கு 4.80 டாலர் வரை கிடைத்தது. மாதம் 6,000 டாலர் வரை பார்த்தவர் உண்டென்று 2024 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கெட்டிக்காரர்கள் லா!

முன்னாள் கிராணி:
தம்பி, நான் ரப்பர்த் தோட்டத்தில் மரப்பாலை எடைபோட்ட கணக்கன். எடைக்கு மட்டும் கூலி என்றால் கால்வாய்த் தண்ணீரும் தராசில் ஏறும். அதற்குத்தான் மெட்ரோலாக், பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் கருவி. நல்ல பாலில் விட்டால் ஆழமாக அமிழும்; தண்ணீர் கலந்ததில் மேலே எழும்பி நிற்கும். "மழைங்கய்யா" என்பார்கள். வெளியே வெயில் பளிச்சென்று அடிக்கும். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மோட்டோக்காரி:
ஐயா, எங்கம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்தான். கம்பெனி நிறுவையில் கழித்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சாப்பாடு அனுப்பும் வேலை பார்க்கிறேன். குறிப்பிட்ட ஓடர் முடித்தால் போனஸ். கடைசி ஒன்று மட்டும் வரவே வராது. கம்பெனி செய்தால் அது கணக்கு, நாங்கள் செய்தால் திருட்டா? சரி, சைக்கிளில் தண்ணீர் எங்கே கலந்தது? எல்லாச் சைக்கிளும் நிஜமாகவே நகர்ந்ததே!

முன்னாள் கிராணி:
நகர்ந்தது, வந்த இடத்துக்கே திரும்பியும் போனது. சைக்கிள் தேடி வந்தவன் வெறும் கம்பியைப் பார்த்துவிட்டு நடக்க வேண்டியதுதான். காசு கொடுத்தது அவனுக்கு உதவத்தானே அம்மா?

தாமான் வாத்தியார்:
பாரிஸிலும் இதே தலைவலி. மேட்டு நிலையத்திலிருந்து இறக்கத்தில் ஜாலியாக வருவார்கள், ஏற்றத்தில் மிதித்துக் கொண்டுபோய் விட ஆளில்லை. 2008இல் அந்த ஊர் வாடகை சைக்கிளான வெலிப் ஒரு வழி கண்டது: மேட்டில் கொண்டுபோய் விட்டால் கூடுதலாக 15 நிமிடம் இலவசம். காசில்லை, நிமிடம். அதை வைத்து யார் வீட்டு வாடகை கட்டுவது? நியூயார்க்காரர்கள் காசை நீட்டினார்கள், வேலைக்கு ஆள் வந்துவிட்டது.

பந்திங் பையன்:
அதான் வாத்தியாரே! ஓட்டை கம்பெனியுடையது. பிறகு சிட்டி பைக்கை நடத்தும் லிஃப்ட் கம்பெனி எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியதாம். சூத்திரத்தை மாற்றுவதை விட்டுவிட்டு.

முன்னாள் கிராணி:
மெட்ரோலாக் வைக்காத பால் ஸ்டோர் என்றால் பாதிக் குற்றம் கம்பெனிமேல், ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி தண்ணீர் கலந்த வாளிக்காரனுடையது.

மோட்டோக்காரி:
பாதிக்குப் பாதியா? 6,000 பார்த்தவனுக்கும் எனக்கும் ஒரே தராசா ஐயா? இருங்கள், ஓடர் வந்துவிட்டது. இன்னும் ஒன்று முடித்தால் போனஸ். வருகிறதா பார்க்கிறேன்.