150 செ.மீ. உயரத்துக்கு 700சி ஆகாதாம்ல!

பாளை_பெடல்:
ஒருத்தரு தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்காரு: "குள்ளமானவங்க 700சி சக்கரம் வாங்கினா திருப்புறப்போ கால் முன்டயர்ல தட்டும், அதைவிடச் சின்ன ரிம் உள்ள 650பி-ன்னா தட்டாது." கணக்கு பாத்தீரா வே? 700×28: ரிம் 622, டயர் ரெண்டு பக்கமும் 56, மொத்தம் 678 மி.மீ. 650பி×47: 584, கூட 94. அதுவும் 678. பெறகு எங்கிட்டு தட்டாமப் போகும்?

அம்பை_சக்கரம்:
எழுதுனது நாந்தான், பேரைச் சொல்லியே கேக்கலாம். 47 போடச் சொன்னது யாரு? 38 போட்டா 660. ஆரத்துல 9 மி.மீ. குறையுது. தட்டாது.

பாளை_பெடல்:
9 மி.மீ.! செருப்பு வார் அகலம் கூட இல்ல. சின்ன ரோடு ஃபிரேம்ல க்ராங்க் சுத்துற நடு அச்சுல இருந்து முன்சக்கர அச்சு வரைக்கும் 575 மி.மீ.ன்னு வையும். க்ராங்க் (பெடலைத் தாங்குற கை) 170, பெடலுக்கு முன்னால நீட்டுற ஷூ ஒரு 100, சக்கர ஆரம் 339. கூட்டினா 609. அப்போ 34 இடிக்கி. உம்ம 9-ஐக் கழிச்சாலும் 25 இடிக்கி. மட்கார்டு மாட்டினா இன்னும் கூடும். க்ராங்கை 160 ஆக்கும், அதுலயே 10 கிடைக்கும். சீட்டையும் 10 ஏத்திக்கிடணும், அதை மறந்துராதீரும்.

சாரல்காத்து:
அண்ணாச்சிமாரே, வேகமாப் போறப்போ ஹேண்டில் அவ்வளவு திரும்பவே திரும்பாது. ரத வீதியில மெதுவா வளைச்சுத் திருப்புறப்போதான் தட்டும். அதுக்கா இந்தச் சண்டை? இன்சீம் (காலோட உள்பக்க நீளம்) 68 செ.மீ.ன்னா டாப் ட்யூப் (மேல் பார்) தரையில இருந்து 65-க்கு மேல நிக்கக் கூடாது, அதை முதல்ல பாருங்க. சாய்வான டாப் ட்யூப்னா 700சி-யும் அடங்கும். சீட் உயரம் 68×0.883, சுமார் 60. அதுல இருந்து ஆரம்பிச்சுக் கொஞ்சம் முன்னப்பின்ன வைக்கலாம்.

அம்பை_சக்கரம்:
பாரைப் பத்தி யாரும் கேக்கல. தட்டுமா, தட்டாதா?

டவுண்_ஸ்போக்ஸ்:
பேசாம 26 இஞ்ச் சக்கரம் வாங்குங்க. ஆனா பாபநாசம் மேட்டுல சின்னச் சக்கரத்தை மிதிச்சே நாக்கு தள்ளிரும்.

பாளை_பெடல்:
எந்த 26 வே? 26×1 3/8-க்கு ரிம் 590. 26×1.5-க்கு 559. 559 டயர் 590 ரிம்ல ஏறாது, 590 டயர் 559 ரிம்ல தொளதொளன்னு நிக்கும். அப்புறம் மிதிக்கிற கதை: 28 சக்கரத்துல 44/18 (முன்பல்லு 44, பின்பல்லு 18), கியர் இஞ்ச் (சக்கர இஞ்ச் × முன்பல்லு ÷ பின்பல்லு, கூடுனா மிதி கனம்) 68.4. 26-ல 44/17, 67.3. பின்னால ஒரு பல்லைக் குறைச்சாச் சமாசாரம் முடிஞ்சு. மேட்டுல நாக்கு தள்ளுதுன்னா அது பல்லு கோளாறு, சக்கரத்து மேல பழியப் போடாதீரும்.

இன்னொண்ணு. சின்ன ஃபிரேம்ல சீட் ட்யூபை 75 டிகிரிக்கு நிமித்தி, ஹெட் ட்யூபை (ஹேண்டில் தண்டு போற முன்குழாய்) 71-க்குப் படுக்கப் போட்டு வச்சிருப்பான். பட்டியல்ல டாப் ட்யூப் கம்மியாத் தெரியும். முட்டிக்குத் தோதா சீட்டைப் பின்னால தள்ளினா பழைய நீளம் திரும்ப வந்துரும். ரீச்சும் ஸ்டாக்கும் (க்ராங்க் அச்சுல இருந்து ஹெட் ட்யூப் உச்சி வரைக்கும் உள்ள முன்நீளமும் உயரமும்) பாக்காம சைக்கிள் எடுக்குதவனுக்கு எந்தச் சக்கரமும் உதவாது.

அம்பை_சக்கரம்:
முன்ன நடந்த ப்ரெஸ்டா வால்வு (ட்யூபுக்குக் காத்தடிக்கிற ஒல்லி வால்வு) பேச்சுல பாதியில காணாமப் போன ஆளு, இங்க வந்து பாடம் நடத்துதாரு.

பாளை_பெடல்:
வால்வைப் பெறகு பாப்போம். அந்த 25 இடிக்கே, அதுக்குப் பதில் எங்க?

அம்பை_சக்கரம்:
575-ன்னு நீராவே ஒரு நம்பரை வச்சுக்கிட்டு எங்கிட்ட பதில் கேக்குதீரு. 600 உள்ள ஃபிரேம்ல 660 போட்டா? தட்டாது.

பாளை_பெடல்:
600-ல 678-ஏ 160 க்ராங்கோட தட்டாதே வே! அப்போ 650பி எதுக்கு?

சாரல்காத்து:
டாப் ட்யூப் 65. யாராவது படிச்சீங்களா?

அம்பை_சக்கரம்:
க்ராங்கை மாத்தாம சொல்லும்.