கர்ப்பத்துல நடக்கலாமா, அசையாம இருக்கணுமா?

மல்லி: எனக்கு அஞ்சாம் மாசம். வீட்ல “ரெண்டு உயிருக்குச் சாப்பிடு, அசையாம இரு”ங்கறாங்க. டாக்டர் தினமும் நடக்கச் சொல்றார். யார் சொல்றதைக் கேக்கறது?

அமுதா: பெரியவங்க சொல்றதைத் தள்ளிடாதம்மா. வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு உடம்பை ஏன் வருத்தணும்? எடையை அப்புறம் குறைச்சுக்கலாம்.

வெண்பா: சிக்கல் இல்லாத கர்ப்பத்துல மிதமா பயிற்சி செஞ்சா குழந்தைக்கு ஆபத்துன்னு ஆதாரம் கிடையாது அக்கா. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம். நடக்கறப்போ பேச வரணும், பாட வரக்கூடாது, அந்த வேகம் போதும். கர்ப்பகாலச் சர்க்கரை வர்ற வாய்ப்பும் குறையுது. முதல் மூணு மாசத்துக்குக் கூடுதல் சாப்பாடே பெருசா தேவையில்லைங்கறப்போ, ரெண்டு பேருக்கு எதுக்குச் சாப்பிடணும்?

அமுதா: “சிக்கல் இல்லாத”ன்னு சுலபமா சொல்லிட்டுப் போயிட்டீங்க. ஏழாம் மாசத்துக்கு அப்புறமும் நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிட்டிருந்தா? ரத்தக்கசிவு, கர்ப்பகால ரத்தக்கொதிப்பு இருந்தா? வீடியோ பார்த்து ஆரம்பிக்கறவங்க இதையெல்லாம் கேக்கறாங்களா?

வெண்பா: கேக்கணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. அதுக்காக நல்லா இருக்கறவங்களையும் கட்டில்ல போடறதைத்தான் ஒத்துக்க முடியல.

அமுதா: சரி, பிரசவத்துக்கு அப்புறம்? உடனே எடையைக் குறைன்னு விரட்டறாங்களே, பால் வத்திடாதா?

யாழினி: பிசியோதெரபி படிச்சவ, அதனால சொல்றேன். மிதமான பயிற்சியால பால் குறையாது. பட்டினி கிடந்து எடை குறைக்கறதுதான் தப்பு. ஆனா எடுத்த எடுப்புல சிட்-அப்ஸ் வேண்டாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை லேசா தூக்கிப் பாருங்க. வயித்து நடுக்கோடு மேடு தட்டினா தசை விலகியிருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க. இருமினா சிறுநீர் கசியுதா? ஓட்டத்தைத் தள்ளிப் போட்டு, இடுப்புத்தளத் தசையை, அதாவது சிறுநீரை அடக்கற தசையை, இறுக்கி விடற பயிற்சியைச் செய்யுங்க. நின்னு போன ரத்தப்போக்கு திரும்பவும் சிவப்பா வந்தா, உடம்பு தாங்கலைன்னு அர்த்தம்.

அமுதா: இதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தா எத்தனை பேர் தப்பிச்சிருப்பாங்க! இருந்தாலும் ஸ்கேன் பார்க்காம ஒரு அடி கூட வைக்காதேன்னுதான் சொல்வேன்.

வெண்பா: மல்லி, நடக்கச் சொன்ன டாக்டர்கிட்டயே உங்க நஞ்சுக்கொடி எங்க இருக்குன்னும் கேட்டுடுங்க. சரியா இருந்தா நாளைக்கே ஆரம்பிக்கலாம். 10 நிமிஷம் போதும், முதல்ல.