படம் பேரைச் சொல்லுங்க காக்கா

பழைய படங்களை வைத்துக் கேள்வி கேட்டு ஆளை மடக்குகிற விளையாட்டு எல்லா ஊரிலும் உண்டு. அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுகிற எங்கள் கீழக்கரைப் பக்கம் அது கொஞ்சம் வேறு மாதிரி நடக்கும். இங்குள்ள பழைய ஆட்கள் படத்தைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். எல்லாம் இலங்கை வானொலியின் வேலை.

கடலுக்கு அந்தப் பக்கம்தான் கொழும்பு. திருச்சி வானொலி கரகரவென்று இழுத்துக்கொண்டிருக்கும்போது, சிலோன் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஓடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அந்த அறிவிப்பாளர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. படம் என்ன, பாடியது யார், எழுதியது யார், இசை யார் என்று ஒழுங்காகச் சொல்வார்கள். கே.எஸ்.ராஜா சொல்கிற வேகத்தையும், பி.எச்.அப்துல் ஹமீது ஒவ்வொரு எழுத்தையும் உச்சரிக்கிற அழகையும் இன்றைக்கும் எங்கள் ஊரில் நடித்துக் காட்ட ஆள் இருக்கிறார்கள். அறிவிப்பாளர் வாய் திறப்பதற்குள் வீட்டில் இருப்பவர்கள் படப் பெயரைச் சொல்லிவிட வேண்டும். போட்டி ஆரம்பித்ததே அப்படித்தான்.

இதில் கில்லாடிகள் பெண்கள். என் மாமி ஒருவர் இருக்கிறார். தியேட்டருக்குப் போனது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். போனவருஷம் ஒரு கல்யாண வீட்டில், மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு பெண்கள் கூட்டம் உட்கார்ந்திருந்தது. யாரோ ஆரம்பித்து வைக்க, மாமி சொளகைக் கவிழ்த்துப் போட்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். பாட்டு இல்லை, வாயில் ஒரு முனகல்கூட இல்லை. வெறும் தாளம். இரண்டாவது சுற்று வருவதற்குள் மூலையில் இருந்த ஒரு ராத்தா, “பாவ மன்னிப்பு, ‘எல்லோரும் கொண்டாடுவோம்’” என்றார். அதோடு விடவில்லை. “டி.எம்.எஸ். கூடப் பாடினது யாரு?” என்று மாமி அடுத்ததைப் போட்டார். எங்கள் ஊரில் இது கேள்வியே இல்லை, நாகூர் ஹனீபா என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் மதுரையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முழித்தார்கள். 1961இல் வந்த அதே படத்தில் சிவாஜி சைக்கிளில் போய்க்கொண்டே பாடும் ‘வந்த நாள் முதல்’ பாட்டில் விசில் வரும். மாமிக்கு விசில் அடிக்க வராது. உதட்டைக் குவித்து வெறும் காற்றை ஊதினார், அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள்!

மதுரைக்காரர்களும் சும்மா விடுவார்களா? அதில் ஒருவர் போனில் பழைய படங்களின் ஸ்டில்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1948இல் வந்த ‘சந்திரலேகா’ படத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அந்த முரசு நடனத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய என் மாமி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். நாயகன் எம்.கே.ராதா யார், வில்லன் ரஞ்சன் யார் என்று அவரால் பிரிக்க முடியவில்லை. “பேசச் சொல்லு, சொல்றேன்” என்றார். ஸ்டில் எங்கே பேசப் போகிறது.

ஆண்கள் பக்கம் இது கடற்கரை டீக்கடையில். தடைக்காலம் வந்தால், அதாவது ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும். இஞ்சின் வேலை, பெயிண்ட் வேலை, வலை வேலை எல்லாம் அப்போதுதான். வெயில் தாழ்ந்ததும் ஒரு கும்பல் கூடும். நடுவர் ஒரு பெரியவர். அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகங்கள். தியேட்டர் வாசலில் விற்ற அந்த மெல்லிசான புத்தகங்கள்தான். முன்பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி ஆபத்தில் மாட்டியதும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். பெரியவர் அந்தச் சுருக்கத்தைப் பெயர்களை மட்டும் விட்டுவிட்டு வாசிப்பார். “அண்ணன் தங்கையைப் பிரிகிறான், காலம் உருள்கிறது...” இதைக் கேட்டு என்னத்தைக் கண்டுபிடிப்பது? ஐம்பதுகளில் வந்த படத்தில் பாதி இந்தக் கதைதான். ஆனாலும் அந்த நடையை வைத்தே இது மாடர்ன் தியேட்டர்ஸ் கம்பெனி படம், இது ஜெமினி கம்பெனி படம் என்று சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருக்கிறார். எப்படி என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. தோற்றவர் டீ வாங்க வேண்டும், வடை கட்டாயம் இல்லை.

மீன்பிடி கிராமத்தில் ‘படகோட்டி’ வராமல் இருக்குமா? ஒருநாள் கேள்வி, ‘தரைமேல் பிறக்க வைத்தான்’ எழுதியது யார்? பாதிப் பேர் கண்ணதாசன் என்றார்கள். ஒருவர் அடித்துச் சொன்னார்: “உழைக்கிற ஆளப் பத்தின பாட்டுன்னா பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்தான்.” நடுவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “பட்டுக்கோட்டை 1959லயே போயிட்டாரு. படம் 1964. எங்கேருந்து எழுதி அனுப்பினாரு?” என்றார். அந்தப் படத்தில் எல்லாப் பாட்டும் வாலி. பாட்டை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடினாலும், படத்தில் வரும் தண்ணீரைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஒரு குறை உண்டு. வத்தை என்கிற சின்னப் படகில் போய்ப் பழகிய ஒரு தாத்தா சொன்னார்: “சுத்திலும் தென்னையா நிக்கிது, அலையவே காணோம். அது காயலு. நம்ம கரைன்னா பனைல்ல நிக்கணும்.”

பெரிய சண்டை வந்தது 1964 தீபாவளிப் படங்களை வைத்துத்தான். கேள்வி நல்ல கேள்விதான். சிவாஜியின் நூறாவது படம் எது? நவராத்திரி என்று பத்துப் பேர் ஒரே குரலில். ஒன்பது வேடம், ஏ.பி.நாகராஜன், எல்லோருக்கும் தெரியும். கேட்டவர் சிரித்துக்கொண்டே, “அன்னைக்கே முரடன் முத்துவும் வந்துச்சே, அத ஏன் நூறுன்னு சொல்லக் கூடாது?” என்றார். உண்மைதான், இரண்டும் ஒரே நாள், நவம்பர் 3. படகோட்டியும் அதே நாள்தான். நூறாவது என்ற பெருமை தன் படத்துக்கு வர வேண்டும் என்று முரடன் முத்துவை எடுத்த பி.ஆர்.பந்துலு நினைத்தார், அது நடக்கவில்லை, அந்த மனக்கசப்பில்தான் அவர் எம்.ஜி.ஆரிடம் போய் அடுத்த வருஷம் ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்தார் என்று சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. இதைச் சொன்னதும் எம்.ஜி.ஆர். கட்சிக்காரர்கள் துள்ள ஆரம்பித்தார்கள். சிவாஜி கட்சிக்காரர் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே போய்விட்டார். மறுநாள் வந்தார், அது வேறு விஷயம். அன்றைய டீக்காசை யார் கொடுப்பது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.

பாம்பனிலிருந்து எப்போதாவது வருகிற ஒரு அண்ணாச்சி இந்தக் கதையின் வாலைப் பிடித்துக்கொண்டு, நவராத்திரி நாயகியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். “நவராத்திரி வந்த அடுத்த மாசம் சாவித்திரி எங்கே இருந்தாங்க?” யாருக்கும் பிடிபடவில்லை. டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்து தனுஷ்கோடியைத் தூக்கிக்கொண்டு போனபோது, ஜெமினி கணேசனும் சாவித்திரியும் குடும்பத்தோடு ராமேஸ்வரத்தில் இருந்தார்கள். தீவுக்காரர்களுக்கு இது வீட்டுக் கதை. இது சினிமாக் கேள்வியே இல்லை, மார்க் கிடையாது என்று ஒரு கோஷ்டி. சாவித்திரியைப் பற்றியது, அப்போது சினிமாதான் என்று இன்னொரு கோஷ்டி. என்னைக் கேட்டால் அதற்கு இரண்டு மார்க் கொடுக்கலாம். கூகுளில் தேடி எடுத்த கேள்வி இல்லை அது.

அதே ரகத்தில் இன்னொன்று. ராமநாதபுரத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கேட்டது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் ஜாக்சன் துரையோடு வாக்குவாதம் நடக்கிறதே, நிஜத்தில் அது எந்த ஊரில் நடந்தது? துரையாக நடித்தவர் சி.ஆர்.பார்த்திபன், வசனம் சக்தி டி.கே.கிருஷ்ணசாமி என்று மளமளவென்று ஒப்பித்தவர்கள் இதில் பாஞ்சாலங்குறிச்சி என்றார்கள், நெல்லை என்றார்கள். கல்யாண வீட்டு மைக் செட்டில் அந்த வசனத் தட்டைக் கேட்டே வளர்ந்த ஆட்கள்! 1798இல் அந்தச் சந்திப்பு நடந்தது ராமநாதபுரம் அரண்மனையில், ராமலிங்க விலாசத்தில். வாரம் ஒருமுறை அதைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகிறோம்.

வருஷம், தேதி கேட்கிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதற்கு மனப்பாடம் போதும். எல்லோரும் ஒரே பதிலைக் கத்த, அது தப்பாக இருக்க வேண்டும், பதிலைக் கேட்டதும் ‘அட ஆமாப்பா’ என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். ‘பராசக்தி’யில் ‘கா கா கா’ பாடியது யார் என்று கேட்டுப் பாருங்கள். டி.எம்.எஸ். என்பார்கள். அது சி.எஸ்.ஜெயராமன், டி.எம்.எஸ். சிவாஜிக்குப் பாட வந்ததே 1954இல் ‘தூக்குத் தூக்கி’யில்தான். ‘திருவிளையாடல்’ தருமி நாகேஷ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அவரோடு மோதுகிற நக்கீரர் யார் என்றால் கூட்டம் அமைதியாகிவிடும். படத்தை எடுத்த ஏ.பி.நாகராஜனேதான்.

இப்போது பையன்களும் வந்து உட்காருகிறார்கள். போன் எல்லாம் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது விதி. ஒருவன் மட்டும், மாமி முனகியதைப் பாட்டுக் கண்டுபிடிக்கிற ஆப்பில் ரகசியமாகப் பிடித்துப் பார்த்தான். அது ஏதோ இந்திப் பாட்டைக் காட்டியது.

மாமி கடைசியாகப் போட்ட கேள்வி எங்கள் டீக்கடையில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எம்.ஜி.ஆர். இயக்கிய முதல் படம் முதலில் கறுப்பு வெள்ளை, மீதி கலர். கலருக்கு வராமலே கதையில் செத்துப்போகிற நாயகி யார், கலரில் வருகிற நாயகி யார்? இரண்டு பெயரும் வேண்டும், ஒன்றுக்கு அரை மார்க்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு.