ஓஷன்ஸ் ட்வெல்வ்: இத்தனை நட்சத்திரங்கள் இருந்தும் முடிவு ஏன் ஏமாற்றுகிறது?

கேள்வி: அரைடிக்கெட்

ஓஷன்ஸ் லெவன் (2001), ட்வெல்வ் (2004) என்ற ஹாலிவுட் கொள்ளைப் படங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. அதே இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க், அதே ஜார்ஜ் க்ளூனி, பிராட் பிட், மாட் டேமன், ஜூலியா ராபர்ட்ஸ். போதாததற்கு கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸும் வின்சென்ட் கசெலும் வேறு. முதல் படம் முடியும்போது கைதட்டத் தோன்றுகிறது. இரண்டாவது முடியும்போது நம்மை ஏய்த்துவிட்டார்கள் என்று கோபம் வருகிறது. இரண்டு படங்களுமே விஷயத்தை மறைத்துவைத்துக் கடைசியில்தானே காட்டுகின்றன? திரைக்கதை தெரிந்தவர்கள் விளக்குங்கள். முடிவைப் பற்றியும் பேசுவோம், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம்ரீல்

மறைப்பதில் தவறில்லை. எதை மறைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

லெவனில் லாஸ் வேகஸின் பெல்லாஜியோ சூதாட்ட விடுதிப் பெட்டகத்தைப் போலவே ஒன்றைக் கட்டுகிறார்கள். அதை நாம் கண்ணால் பார்க்கிறோம், ஒத்திகைக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். கொள்ளை நடக்கும்போது விடுதி முதலாளி பெனடிக்ட் தன் கேமராவில் பார்ப்பது அந்த நகலில் முன்பே எடுத்த வீடியோ. அவனுக்கு எப்படிப் புரிகிறது? நிஜப் பெட்டகத்தின் தரையில் பெல்லாஜியோ முத்திரை புதிதாகப் பதித்திருக்கிறார்கள், வீடியோவில் இருக்கும் தரையில் அது இல்லை. அந்த ஒரு தரையை வைத்து மொத்தத் திட்டமும் நம் மனதில் தானாக விரிகிறது. பொருளைக் காட்டிவிட்டார்கள், அதன் பயனை மட்டும்தான் மறைத்தார்கள்.

ட்வெல்வில் பொருளையே காட்டவில்லை. இதில் திருட வேண்டிய ஃபேபர்ஷே முட்டை (விலைமதிப்பற்ற அலங்கார முட்டை) ரோம் அருங்காட்சியகத்துக்கு வருவதற்கு முன்பே ரயிலில் ஒரு சலசலப்பைக் கிளப்பிப் பையை மாற்றிவிட்டார்கள் என்று கடைசியில் ஃப்ளாஷ்பேக் வருகிறது. அந்த ரயிலோ பையோ முன்னால் ஒரு ஷாட்டில்கூட நமக்கு விளங்கும்படி வரவில்லை. பிறகு எதை நினைத்துப் பார்த்து வியப்பது? அதைவிடப் பெரிய சேதம், அதற்கு முன் ரோமில் நாம் பதறிப் பதறிப் பார்த்த அத்தனையும் வெறும் நாடகம் என்று ஆகிவிடுகிறது.

நாற்பதாவதுசீன்

மேலே சொன்னது சரி. ஆனால் படம் அதற்கு முன்பே தளர்ந்துவிடுகிறது.

தொடக்கம் அருமையான நெருக்கடி: லெவனில் பெனடிக்டிடம் திருடிய 16 கோடி டாலரை வட்டியோடு இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் உயிர் போகும். நடுவில் இன்னொரு திருடனாகக் கசெல் வந்து, 'அந்த முட்டையைத் திருடுவதில் என்னோடு போட்டி போட்டு ஜெயித்தால் உங்கள் கடனை நானே அடைக்கிறேன்' என்கிறான். அந்த நொடியில் கெடு செத்துவிடுகிறது. உயிர்ப் பயம் போய் யார் பெரிய திருடன் என்ற கௌரவப் பிரச்சினை வந்து உட்காருகிறது. நகைச்சுவைப் படத்துக்குக்கூடத் துரத்தும் பயம் ஒன்று வேண்டும்.

அடுத்தது ஆள் கணக்கு. லெவனில் பதினொரு பேரில் ஒருவரைக் கழித்தாலும் திட்டம் நின்றுவிடும்: யென் பணவண்டிக்குள் ஒடுங்கி உட்காராவிட்டால் பெட்டகத்துக்குள் ஆள் இல்லை, பாஷர் மின்சாரத்தை அணைக்காவிட்டால் உள்ளே இறங்க வழி இல்லை. ட்வெல்வில் பாதிப் பேர் கைதாகி ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள், கொள்ளை அவர்கள் இல்லாமலே நகர்கிறது. ஆம்ஸ்டர்டாம் பகுதியில் மட்டும் பழைய மிடுக்கு தெரிகிறது. அம்பு பாயும் கோணம் சரியில்லை என்று கால்வாய்க்கரை வீட்டையே தண்ணீருக்கடியிலிருந்து ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, சிக்கலும் தீர்வும் கண்முன் நடக்கிறது. படம் முழுக்க அப்படி இருந்திருக்க வேண்டும்.

இடைவேளைமணி

கொஞ்சம் மாற்றுக் கருத்து. கசெல் லேசர் கதிர்களுக்கு நடுவில் நடனமாடிப் போய் முட்டையை எடுக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். அவ்வளவு உடல்வித்தை காட்டி அவன் எடுத்தது போலி. அசல் ஒரு சாதாரணப் பையில் கைமாறிவிட்டது. படத்தின் நகைச்சுவையே அந்த முரண்தான், சோடர்பெர்க் அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார். பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் அவரே பிடித்த ஒளிப்பதிவும் டேவிட் ஹோம்ஸின் இசையும் லெவனைவிட இதில் சுதந்திரமானவை. உலக வசூலும் சுமார் 36 கோடி டாலர். லெவனின் 45 கோடியைவிடக் குறைவு, ஆனாலும் தோல்விப் படம் இல்லை.

அரைடிக்கெட்

நன்றி. டேனியின் (க்ளூனி) மனைவி டெஸ், ஜூலியா ராபர்ட்ஸாக வேடம் போடும் காட்சி? அதற்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அதுவும் ஏதோ இடித்தது.

மூன்றாம்ரீல்

டெஸ்ஸாக நடிப்பவரே ஜூலியா ராபர்ட்ஸ் என்பது நமக்குத் தெரிவதால் வரும் சிரிப்பு அது. ப்ரூஸ் வில்லிஸ் அவராகவே வந்து நிற்கும்போது இன்னும் கூடுகிறது. ஆனால் அந்த உலகத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் என்ற நடிகை உண்டு என்றால் ஜார்ஜ் க்ளூனியும் இருக்க வேண்டுமே? டேனியை யாரும் திரும்பிப் பார்க்காதது ஏன்? இந்தக் கேள்வி எழுந்ததும் பாத்திரங்கள் மறைந்து நடிகர்கள்தான் தெரிகிறார்கள். நடிகர்கள் மாட்டிக்கொள்வார்களோ என்று யாரும் பயப்பட மாட்டார்கள்.

இதே கூட்டம் 2007இல் ஓஷன்ஸ் தர்ட்டீனுக்காக லாஸ் வேகஸுக்கே திரும்பியது. கூட்டாளி ரூபனை ஏமாற்றியவனைப் பழிவாங்குவது என்ற ஒரே நோக்கம். பகடைத் தொழிற்சாலைக்குள் ஆளை அனுப்புவது முதல் எல்லாருக்கும் தனித்தனி வேலை. மூன்றையும் வரிசையாகப் பாருங்கள், நடுவில் தவறவிட்டது எது என்று நன்றாகவே தெரியும்.