கிராம சபை, வார்டு கூட்டம்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தேயிலைக்காடு:
கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊராட்சி. ஒரு அக்டோபர் 2 கிராம சபை. செயலர் தீர்மானங்களைப் படித்துக்கொண்டே போகிறார், கையெழுத்து நோட்டு எப்போது கைக்கு வரும் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். எஸ்டேட் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருக்கிற ஜார்கண்ட் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு நேராக மேசைக்குப் போய் ஒரு பாட்டிலை வைத்தாள். உள்ளே செம்மண் கலரில் தண்ணீர். "இது குடிக்க?" என்று கேட்டாள். அவளுக்கு வந்த தமிழ் அவ்வளவுதான்.

செயலர் முதலில் செய்த காரியம், பாட்டிலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஈரம் பட்ட தீர்மான நோட்டைத் துண்டால் துடைத்தது. தலைவர், "உங்க தொரைகிட்ட கேளும்மா, இது ஊர் சபை" என்றார். தொரை என்றால் எஸ்டேட் மேனேஜர்.

பின்வரிசையில் இருந்த சிலோன் ஆச்சி எழுந்தார். இலங்கை மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். "நாங்க மண்டபம் கேம்ப்லேருந்து இங்க வந்து எறங்கினப்பவும் இதேதான் சொன்னாங்க. அங்க கேளு, இங்க கேளுன்னு. அந்தப் புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க தம்பி." தலைவர் பதில் சொல்லவில்லை, அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். ஆச்சி கடைசிவரை உட்காரவே இல்லை. அந்த நோட்டை அவ்வளவு பதமாகத் துடைத்த கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஹட்டிக்காரன்:
கேட்கவே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர், சட்டம் அப்படி. எஸ்டேட் லைனுக்குக் குடிதண்ணீர் கொடுக்க வேண்டியது நிர்வாகம், 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே அது அவர்கள் பொறுப்பு.

எங்கள் கதை வேறு. எங்கள் ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்குக் கீழே இருந்த நிலத்தை ஒருவர் விற்றார், காட்டேஜ் வந்தது. பூசைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற ஒற்றையடிப் பாதையில் இப்போது இரும்பு கேட். எங்கள் ஊர்ப் பெரியவர் வெள்ளை முண்டாசோடு, கையில் குடத்தோடு நிற்கிறார். உள்ளே வாட்ச்மேன், அசாம் பையன், திறக்கலாமா என்று பெங்களூருக்குப் போன் போடுகிறான். ரிங் போய்க்கொண்டே இருந்தது. பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊராட்சியில் கேட்டால், பிளான் அப்ரூவல் இருக்கிறது, ஏழு மீட்டர் உயரத்துக்குள்தான் கட்டியிருக்கிறார்கள் என்றார்கள். உயரத்தைப் பற்றி யார் கேட்டது? பாதையைப் பற்றித்தானே கேட்டோம்.

பந்தலூர்_மழை:
ஹட்டிக்காரன் அண்ணா, பட்டியலில் பெயர் இருந்தால் எல்லாம் நடந்துவிடுமா? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. கரண்ட் இல்லை. காரணம் செக்‌ஷன் 17. கூடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜென்மி என்ற பழைய நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவில் வருகிற நிலத்துக்கு முடிவு கிடைக்காமல் தலைமுறை கடந்துவிட்டது. பட்டா இல்லை என்றால் மீட்டர் இல்லை. இதில் மலையாளி, சிலோன்காரர், பணியர் பழங்குடி என்று வித்தியாசமே கிடையாது, எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்.

ஒரு கூட்டத்தில் அம்மா கேட்டார்: "கம்பம் எங்க வாசல்ல நிக்குது சார், கம்பி எங்க கூரைக்கு மேல போகுது. மழையில ஒயர் அறுந்தா முதல்ல சாகப்போறது நாங்க. அதுக்கு மட்டும் பட்டா வேண்டாமா?" வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர். தலையைக் குனிந்து கொண்டார். அவர் கத்தியிருந்தால்கூட அம்மாவுக்கு ஆறியிருக்கும்.

ஓய்வு_எழுத்தர்:
ஊராட்சி வேலையில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். எனக்கு நடந்தது சின்னது: ஒரு சபையில் கோரம், அதாவது குறைந்தபட்சம் வர வேண்டிய ஆள் எண்ணிக்கை, சேரவில்லை என்று, வராதவர்கள் கையெழுத்தை வாங்க நோட்டு வீடு வீடாகப் போனதைப் பார்த்தேன். ஒரு வீட்டில் இறந்துபோனவரின் பெயரைக் காட்டி, "இவர் எங்கே?" என்று கேட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாயால் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். மனுவாக எழுதி, இரண்டாவது பிரதியில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், "விவாதிக்கப்பட்டது" என்ற ஒற்றை வார்த்தையை ஏற்காதீர்கள். நகல் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கோரம் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. சபை நடக்கும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் நீலகிரி மாவட்டத்தில் 2025 ஜனவரி 5-ஓடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது, அதன் பிறகு நிர்வாகம் தனி அலுவலர் வசம் போனது. தலைவர் இல்லை என்பதற்காகச் சபை இல்லை என்று ஆகாது. பதில் கிடைக்காவிட்டால் திங்கள்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போங்கள். லைன் தண்ணீருக்குத் தொழிலாளர் துறைக்குத் தனி மனு. அந்தப் பெண்ணின் பெயரையும் பட்டியலில் சேர்க்கலாம். எங்கே வழக்கமாக வசிக்கிறாரோ அங்கே ஓட்டு, சொந்த ஊர் எது என்பது பேச்சில்லை. இதுவரை ஓட்டே இல்லை என்றால் படிவம் 6. ஜார்கண்டில் ஏற்கெனவே ஓட்டு இருந்தால், இடம் மாற்ற படிவம் 8.

மேல்குன்னூர்_அக்கா:
எழுத்தர் சார் சொல்வது சரிதான், ஆனால் எங்கள் வார்டில் நடந்தது எந்த மனுவாலும் நடக்கவில்லை. 2022 நகராட்சித் தேர்தலுக்கு அப்புறம், கிராம சபை மாதிரி நகரத்து வார்டுகளுக்குப் பகுதி சபா என்று ஆரம்பித்தார்களே, அதில் ஒன்று. சாயங்காலம், பள்ளிக்கூடக் கட்டிடம். ஒரு பக்கம் புது வில்லாக்காரர்கள், பேச்சு முழுக்க காட்டுமாடு, தெருவிளக்கு. இன்னொரு பக்கம் நாங்கள், தண்ணீர். குன்னூருக்குத் தண்ணீர் தருகிற ரேலியா அணை நிரம்பி வழிகிறது என்று பேப்பரில் படிப்போம், குழாயில் காற்றுதான் வரும். அவர்கள் பேசும்போது நாங்கள் கேட்கவில்லை, நாங்கள் பேசும்போது அவர்கள் போனைப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்தது.

வெளியே வந்தால் வாசலில் காட்டுமாடு. பெரிய ஆண். படிக்குப் பக்கத்திலேயே செடியை மேய்ந்துகொண்டு நிற்கிறது. யாரும் இறங்க முடியாது. கவுன்சிலர் வனத்துறைக்குப் போன் போட்டார். எல்லோரும் திரும்ப உள்ளே வந்து, இந்த முறை யார் எங்கே என்று பார்க்காமல் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் ஒரு வில்லா அம்மா. லாரித் தண்ணீருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டு எங்கள் வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்த லாரி எங்கே நிரப்புகிறது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், எங்கள் தெருவுக்குக் கீழே உள்ள கிணற்றில். அவர் முகம் மாறியதை மறக்க மாட்டேன். "இது முன்னாடியே ஏன் யாரும் சொல்லல?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அடுத்த கூட்டத்தில் தண்ணீர் மனுவில் அவர் கையெழுத்தும் இருந்தது. தண்ணீர் இன்னும் ஒழுங்காக வரவில்லை, அது வேறு.

தேயிலைக்காடு:
எழுத்தர் சாருக்கு நன்றி. ஹட்டிக்காரன், உறுப்பினர் இல்லை என்பது சரி என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு, நிர்வாகத்துக்கு ஊராட்சி ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாமே? அதற்குப் பட்டியல் வேண்டாம். உங்கள் பெரியவர் அந்த கேட்டுக்கு முன்னால் நின்றாரே, அவரைப் போலத்தான் அவளும் அங்கே நின்றாள்.

லைன்வீட்டு_மகன்:
படிவம் 6 பற்றி ஒரு கேள்வி. எங்கள் லைனிலும் ஜார்கண்ட் குடும்பங்கள் இருக்கின்றன. ஆதாரில் அந்த ஊர் முகவரி, கரண்ட் பில் எஸ்டேட் பெயரில், வாடகை ரசீது கிடையாது. வசிப்பிடத்துக்கு எதைக் காட்டுவது? மேனேஜர் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா? இங்கே யாராவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள்.