அறுபதுக்கு மேல் இரண்டு பேருமாக மலாவிக்கு ஊழியம் போகலாமா?

பாளை_வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 62, வீட்டம்மாவுக்கு 59. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், பிளான்டையர் நகரத்துப் பக்கம் ஒரு சபையில் 18 மாதம் வந்து இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். வீடு அவர்கள் தருவார்கள். டிக்கெட்டும் சாப்பாடும் நம்ம பென்ஷனில். தேவ அழைப்பு உண்டா, ஜெபித்தீர்களா என்று கேட்க வேண்டாம், அதை எங்க சபை ஐயரிடம் பேசியாகிவிட்டது. காலையில் எழுந்தால் ராத்திரி வரைக்கும் அங்கே என்ன செய்வீர்கள்? அரிசி கிடைக்குமா? அவளுக்குச் சுகர் இருக்கிறது.

ரயில்_கணக்கன்:
அண்ணாச்சி, நாங்கள் 2022 ஜூலையில் போய் அதே 18 மாதம் அங்கே இருந்தோம். நான் ரயில்வே அக்கவுண்ட்ஸ், வீட்டம்மா நர்ஸ்.

சாப்பாடு சுலபம். நந்தோலோ என்று விற்பது நம்ம துவரையேதான், அங்கிருந்து கப்பலேறி இந்தியாவுக்கே வருகிறது. முழுசாகத்தான் கிடைத்தது, நாங்களே உடைத்துக்கொண்டோம். ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிப்பா என்ற பொடி மீனைக் குழம்பு வைத்தால் நெத்திலிக் கருவாடு தோற்றுவிடும். கிலொம்பெரோ அரிசி நல்ல வாசனை. ந்சிமா என்பது மக்காச்சோள மாவில் கிண்டும் வெள்ளைக் களி, அக்காவுக்கு அளவோடு கொடுங்கள். தவிடு நீக்காத மாவை ம்காய்வா என்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. வீட்டம்மாவுக்கு இரண்டாம் நாளே வேலை வந்துவிட்டது. பிரஷர் பார்க்கச் சொல்லி வாசலில் ஆள் நின்றது. எனக்குத்தான் ஒன்றும் இல்லை. சபைக் கணக்கை நேராக்கப் போகிறேன் என்ற நினைப்பில் போயிருந்தேன். அங்கே பொருளாளர் முப்பது வயதுப் பையன், கணக்கு என் ஆபீஸைவிடச் சுத்தம். நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்பான், "ஸிகோமோ, அகோகோ" என்பான், நன்றி தாத்தா என்று அர்த்தம். அப்புறம் தன் வழியிலேயே எழுதுவான். இரண்டு மாதம் திண்ணையில் உட்கார்ந்து குழம்பில் உப்பு கூட, குறைய என்று அவளோடு சண்டை. ஊரில் நான் ஆபீஸ், அவள் டியூட்டி என்று இருந்தவர்கள். 24 மணி நேரமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்தது அங்கேதான். போகுமுன் இதை யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

வேலை கடைசியில் சாவு வீட்டில் கிடைத்தது. அங்கே ஒரு சாவு என்றால் தெருவே போக வேண்டும். பெண்கள் உள்ளே தரையில், ஆண்கள் வெளியே. ராத்திரி முழுக்கப் பாட்டு. முதல் தடவை என்னைக் கூட்டிப்போனது அந்தப் பையன்தான். எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை, "பெப்பானி". வருத்தம் தெரிவிப்பதற்கும் அதுதான், தெரியாமல் காலை மிதித்தால் மன்னிப்புக்கும் அதுதான். சொல்லிவிட்டு ஒரு கிழவர் பக்கத்தில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுவாரம் அந்தக் கிழவர் கோழியோடு வீட்டுக்கு வந்தார். வேலைக்குப் போகிற இளசுகளுக்கு அப்படி உட்கார நேரம் ஏது? அதற்குப் பிறகு எங்கே சாவு என்றாலும் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல். பிளான்டையரில் மலைச்சரிவு வீடுகள் ராத்திரியோடு ராத்திரியாகச் சேற்றில் புதைந்தன. நாட்டில் 600 பேருக்கு மேல் போனார்கள். போர்வை, மாவு மூட்டைக் கணக்கை அன்றுதான் என் கையில் கொடுத்தான் அந்தப் பையன். அதைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை.

பென்ஷன் விஷயம்: நவம்பர் லைஃப் சர்டிபிகேட்டை நான் மறந்தேன், பணம் நின்றது. அதை வாங்க இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும், அது தலைநகர் லிலோங்வேயில், பஸ்ஸில் 300 கிலோமீட்டருக்கு மேல். வங்கி ஓடிபி வரும் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரிகூட வேண்டாம், மலேரியா வந்து வேளைக்கு 4 மாத்திரையாக 3 நாளில் 24 விழுங்கினவன் சொல்கிறேன்.

கோவை_மகள்:
மாமா சொல்வது சரிதான், ஆனால் இந்தப் பக்கத்தையும் கேளுங்கள். எங்க அப்பா அம்மா ஜாம்பியாவில் இருந்தபோதுதான் எனக்கு இரண்டாவது பிரசவம். அம்மா வரவில்லை. நேரம் மூன்றரை மணி வித்தியாசம். நான் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் கூப்பிட்டால் அங்கே கரண்ட் இருக்காது. போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 18 மாதத்தில் வீட்டில் என்ன நல்லது கெட்டது வரும், எதற்கு வருவீர்கள், எதற்கு வர மாட்டீர்கள் என்று பிள்ளைகளோடு முன்னாடியே பேசிவிடுங்கள் ஐயா. எங்க வீட்டில் அதைப் பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

பாளை_வாத்தியார்:
தம்பி, மகளே, இரண்டையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சாவு வீட்டுக் கதைக்குச் சிரித்தாள், பிரசவக் கதைக்குப் பேசாமல் எழுந்து போய்விட்டாள். எங்க மகளுக்கும் ஜனவரியில் தேதி சொல்லியிருக்கிறார்கள். மார்ச்சுக்குத் தள்ளிப் போடலாமா என்று சபைக்கு எழுதப் போகிறேன். அவள் இன்னொன்று கேட்கச் சொன்னாள்: மிக்சி கொண்டு வரலாமா?

ரயில்_கணக்கன்:
கொண்டு போகலாம் அண்ணாச்சி. வோல்டேஜ் நம்ம ஊர் மாதிரிதான், பிளக் மட்டும் சதுரமான மூன்று முனை, அடாப்டர் வேண்டும். எங்க வீட்டம்மா அதைப் பாதி நாள் தொடவில்லை. கரண்ட் போனால் பக்கத்து வீட்டு உரலில் போய் இடிப்பாள், அங்கேயும் அதே உலக்கைதான். அவள் கேட்கிறாள், அக்காவுக்கு இட்லிப்பொடி வறுத்து அனுப்பட்டுமா என்று.